கல்லறையின்மேல் ஒரே ஒரு சொல்



நம் சபைகளில் வயது முதிர்ந்த ஒரு தாயார் கர்த்தருக்குள் நித்திரையடையும்போது, அடக்க ஆராதனையில் நாம் சொல்லுவது பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. "ஜெபத் தாய்" என்கிறோம்; "சபையின் தூண்" என்கிறோம். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எத்தனை ஆண்டு பணியாற்றினார்கள், ஆலயக் கட்டடத்துக்கு எவ்வளவு தாராளமாய்க் கொடுத்தார்கள் என்று எடுத்துரைக்கிறோம். கடைசியில், "சில ஆண்டுகளாகப் படுக்கையில் இருந்தார்கள்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறோம். அந்த ஒரு வாக்கியத்தைக் குறித்தே இந்த வாரம் எழுத விரும்புகிறேன். ஒரு பக்தியுள்ள தாயாரின் வாழ்க்கையில் படுக்கை ஆண்டுகள் என்பவை ஊழியம் முடிந்தபின் எஞ்சிய காலம் அல்ல என்பது என் உறுதியான எண்ணம். அவற்றை விட்டுவிட்டு அவர்களை நினைவுகூருவோமானால், பாதி வாழ்க்கையையே நினைவுகூருகிறோம்.

இதற்கு நம் திருநெல்வேலிச் சீமையிலேயே ஒரு சாட்சி உண்டு. ஏமி கார்மைக்கேல் அம்மையாரை நீங்கள் அறிவீர்கள். 1867 டிசம்பர் 16 அன்று அயர்லாந்தின் மில்லிஸ்ல் என்னும் கடலோரச் சிற்றூரில் பிறந்தவர்; 1895-இல் இந்தியாவுக்கு வந்தவர்; அதன்பின் ஒருமுறைகூடத் தாய்நாட்டுக்குத் திரும்பாதவர். 1901-இல், கோவிலுக்கென்று ஒப்புக்கொடுக்கப்படவிருந்த ஒரு சிறுமி அடைக்கலம் தேடி அவரிடம் வந்தாள். அந்த ஒரு குழந்தையிலிருந்து டோனாவூரின் குழந்தைகள் பணி வளர்ந்தது. இவ்வளவும் ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. நாம் அவரைப் பற்றிச் சொல்லும்போது பெரும்பாலும் இங்கேயே நிறுத்திக்கொள்ளுகிறோம்.

ஆனால் 1931 அக்டோபர் 24 அன்று, தமது 63-ஆம் வயதில், களக்காட்டில் மருத்துவப் பணிக்கென்று எடுத்திருந்த ஒரு வீட்டைப் பார்க்கச் சென்ற அம்மையார், மங்கிய மாலை வெளிச்சத்தில் அங்கே தோண்டப்பட்டிருந்த குழியில் விழுந்தார். கால் முறிந்தது. சில வாரங்களில் எழுந்து நடப்பார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அது நடக்கவில்லை. ஒரு நோவோடு இன்னொரு நோவு சேர்ந்தது. அறையைவிட்டு வெளியே வருவதே அரிதாயிற்று. 1948-இல் அறைக்குள்ளேயே மறுபடியும் விழுந்தார். அதன்பின் படுக்கையே கதியாயிற்று. 1951 ஜனவரி 18 அன்று, 83-ஆம் வயதில், கர்த்தர் அவரை அழைத்துக்கொண்டார்.

சற்றே கணக்கிட்டுப் பாருங்கள். இந்திய மண்ணில் அவர் வாழ்ந்தது 55 ஆண்டுகள். அவற்றில் 19 ஆண்டுகளுக்கும் அதிகமான காலம் அந்த அறையில் கழிந்தது. அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மிகுதி. இத்தனை ஆண்டுகளை ஒரே வாக்கியத்தில் கடந்துபோக நமக்கு என்ன உரிமை?

அந்த அறையிலிருந்து என்ன நடந்தது? டோனாவூர்க் குடும்பத்தாருக்குச் சிறு சிறு கடிதங்கள் சென்றன. பேர்பேராக ஜெபங்கள் ஏறெடுக்கப்பட்டன. நூல்கள் பல எழுதப்பட்டன. அவற்றுள் ஒன்று, 1933-இல் வெளிவந்த "ரோஸ் ஃப்ரம் பிரையர்". நோயாளிகளுக்கென்று நலமுள்ளவர்கள் எழுதி அனுப்பும் ஆறுதல் வார்த்தைகள் நோயாளியின் உள்ளத்தை எட்டாமற்போவதை அவர் தம் படுக்கையிலேயே உணர்ந்திருந்தார். ஆகையால், நோயுற்ற ஒருத்தி நோயுற்றவர்களுக்கு எழுதும் நூலாகவே அதை எழுதினார். ஓடியாடித் திரிந்த நாட்களில் இந்த நூலை அவர் எழுதியிருக்க முடியாது. சில பணிகளைச் செய்யும் தகுதி படுத்திருக்கிறவர்களுக்கே கிடைக்கிறது.

71-ஆம் சங்கீதத்தின் பக்தன், முதிர்வயதில் தன்னைத் தள்ளிவிடவேண்டாம் என்று தேவனிடம் மன்றாடுகிறான். ஏன்? இளைப்பாற இடம் வேண்டும் என்பதற்காக அல்ல. வரப்போகிற தலைமுறைக்குத் தேவனுடைய வல்லமையை அறிவிக்கும் வேலை தனக்கு இன்னும் மீந்திருக்கிறது என்கிறான். நரைத்த தலைக்கும் ஒரு பொறுப்பு உண்டு என்று வேதம் நினைக்கிறது. நாமோ அவர்களை "வரமுடியாதவர்கள்" என்று ஒரு பட்டியலில் எழுதி வைத்திருக்கிறோம்.

இங்கே சிலர் ஒரு கேள்வி கேட்கக்கூடும். அது நியாயமான கேள்வி. "ஐயா, அந்த அம்மையார் நூல் எழுதினார். எங்கள் தாயாருக்கோ நினைவே தப்பிவிட்டது. பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியவில்லை. கர்த்தருடைய ஜெபத்தைத் தொடங்கினால் பாதியில் நின்றுவிடுகிறது. அவர்களுடைய ஊழியம் எது?"

இந்தக் கேள்வியை நாம் தட்டிக்கழிக்கக் கூடாது. படுக்கையிலும் பலன் தந்தவர்களை மட்டும் போற்றுவோமானால், நாம் பழைய அளவுகோலையே படுக்கையறைக்குள் கொண்டுபோகிறவர்களாவோம். உழைக்கிறவருக்கே மதிப்பு என்னும் அந்த அளவுகோல் சுவிசேஷத்தினுடையது அல்ல. ஏசாயா 46-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். பாபிலோனின் விக்கிரகங்களை மிருகங்கள் சுமக்கவேண்டியிருக்கிறது. அவை சுமக்கிறவர்களுக்குப் பாரமாகின்றன. இஸ்ரவேலின் தேவனோ தம் ஜனத்தைக் கர்ப்பந்தொடங்கி நரைவயதுமட்டும் தாமே சுமப்பதாக வாக்களிக்கிறார். அந்த வாக்குத்தத்தத்துக்கு நிபந்தனை ஏதும் இல்லை. தேவனை மறந்துபோன தாயாரையும் தேவன் மறப்பதில்லை. தன்னால் ஒன்றும் செய்ய இயலாமல், பிறர் கையால் உண்டு, பிறர் கையால் புரண்டு படுக்கும் ஒரு தாயார், நாம் எல்லாரும் எதனால் பிழைக்கிறோம் என்பதை வார்த்தையின்றிப் பிரசங்கிக்கிறார். கிருபையைப் பற்றி நான் பிரசங்கபீடத்தில் நின்று சொல்லுவதைவிட அது தெளிவான பிரசங்கம்.

அப்படியானால் சபை செய்யவேண்டியது என்ன? மூன்று காரியங்களைச் சொல்லுகிறேன்.

முதலாவது, முதியவர்களைப் பார்க்கப் போகும்போது ஜெபித்துவிட்டு மட்டும் வராமல், அவர்களிடம் ஜெபம் கேளுங்கள். தேர்வு எழுதப்போகிற பிள்ளையை அழைத்துக்கொண்டு போங்கள். அந்த நடுங்கும் கை பிள்ளையின் தலைமேல் வைக்கப்படட்டும். பெறுகிறவர்களாக மட்டுமே நடத்தப்படுவது எந்த மனிதருக்கும் பாரமானது.

இரண்டாவது, அவர்களுடைய சாட்சியை அவர்கள் உயிரோடிருக்கையிலேயே கேட்டு எழுதிவையுங்கள். அடக்க ஆராதனைக்கு முந்தின இரவில் பேரப்பிள்ளைகள் அவசரமாய்த் திரட்டும் குறிப்பில் ஒரு வாழ்க்கை அடங்காது.

மூன்றாவது, பராமரிக்கிறவர்களை நினையுங்கள். படுக்கையில் இருக்கும் தாயாருக்குப் பின்னால், ஆண்டுக்கணக்கில் ஞாயிறு ஆராதனைக்கு வரமுடியாத ஒரு மகளோ மருமகளோ இருக்கிறாள். மற்றப் பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கக்கூடும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது சங்கத்துச் சகோதரிகள் இருவர் அந்த வீட்டில் இருந்து, அவளைத் திருவிருந்துக்கு அனுப்பிவைக்கக் கூடாதா? ஏமி அம்மையாரின் 19 ஆண்டுகளுக்குப் பின்னாலும், இரவும் பகலும் அவரைப் பேணிய கைகள் இருந்தன. அந்தக் கைகள் இல்லாமல் அந்த நூல்களும் இல்லை.

டோனாவூரில் அந்த அம்மையாரின் கல்லறைக்குப் பெயர்க்கல் கிடையாது. தமக்கு அது வேண்டாம் என்று அவரே சொல்லியிருந்தார். பிள்ளைகள் அங்கே, பறவைகள் நீர் அருந்தும் ஒரு கல்தொட்டியை அமைத்தார்கள். அதில் தாய் என்று பொருள்படும் ஒரே ஒரு சொல்லைப் பொறித்தார்கள். எத்தனை நூல்கள், எத்தனை ஆண்டுகள், எத்தனை கட்டடங்கள் என்று அதில் ஒன்றும் எழுதப்படவில்லை. நின்ற நாட்களிலும் கிடந்த நாட்களிலும் அவர் தாயாகவே இருந்தார் என்பதற்கு அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது.

நம் தெருவிலும் அப்படி அழைக்கத்தகும் ஒருவர் கதவுக்குப் பின்னால் படுத்திருக்கிறார். அடக்க ஆராதனையில் சொல்லப்போகிறதை, இந்த வாரமே அவருடைய கட்டிலருகே அமர்ந்து சொல்லுங்கள்.

நரைவயதுமட்டும் நம்மைச் சுமக்கிற தேவனுடைய கிருபை உங்கள் அனைவரோடும் இருப்பதாக. ஆமென்.