பட்டணத்துப் புகையும் பக்கத்து வயலும்

பட்டணத்தின் நடுவில்தான் காற்று கெட்டிருக்கிறது, எல்லையைத் தாண்டினால் நல்ல காற்று என்பது நம் எண்ணம். புகைத்தூசியைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் சரியே. பயிரைக் கெடுக்கும் ஓசோன் வாயு விஷயத்தில் கணக்கு தலைகீழ்.

ஓசோன் எந்தப் புகைக்குழாயிலிருந்தும் நேராக வருவதில்லை. வாகனப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் பெட்ரோல் ஆவி போன்றவையும் வெயிலில் சில மணி நேரம் கலந்து கிடந்தால் அது உண்டாகிறது. புகை புதிதாகக் கக்கப்படும் கடைத்தெருவில் நைட்ரிக் ஆக்ஸைடே ஓசோனைத் தின்றுவிடும். காற்றோடு நகர்ந்து புறநகரையும் வயலையும் அடைவதற்குள் ஓசோன் ஏறிவிடுகிறது. (வானத்தின் உயரத்தில் நம்மைக் காக்கும் ஓசோனும் இதே வாயுதான். இருக்கும் இடம்தான் வேறு.)

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரைச் சுற்றி 1940-களில் கீரைத் தோட்டங்களில் இலைகள் பாழாயின. வாகனப் புகையும் வெயிலும் சேர்ந்து ஓசோனை உண்டாக்குவதை 1950-களின் தொடக்கத்தில் ஹாகன்-ஸ்மிட் என்ற அறிஞர் விளக்கினார். கடற்காற்று அப்புகையை உள்நாட்டுக்குத் தள்ளியதால், ஆரஞ்சுத் தோட்டங்களுக்குப் பேர்போன ரிவர்சைடு பக்கம் நகர நடுவைவிட ஓசோன் அதிகம்.

நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்து விஞ்ஞானிகள் 2014-இல் வெளியிட்ட கணக்குப்படி, ஓசோனால் இழந்தது கோதுமை சுமார் 35 லட்சம் டன், அரிசி சுமார் 21 லட்சம் டன்.

அவரை, பருத்தி, நிலக்கடலை போன்றவற்றில் முதிர்ந்த இலையின் மேற்பக்கம், நரம்புகளுக்கிடையே பொடிப்பொடியாகப் புள்ளி விழும். சிலந்திப்பேன் என்று நினைத்து மருந்தடித்தால் காசுதான் வீண். இலையைத் திருப்பிப் பாருங்கள். பேனாக இருந்தால் அடிப்பக்கம் தெரியும். சில சமயம் புள்ளியே இல்லாமலும் மகசூல் குறையும்.

வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் கணக்கெடுக்கிறார்கள். இந்த நஷ்டத்தை வயலில் யார் கணக்கெடுக்கிறார்கள்? 2019-இல் தொடங்கிய தேசிய தூய காற்றுத் திட்டம் நகரங்களுக்கானது, அதன் இலக்கும் தூசிதான். அளவுக் கருவிகளும் பெரும்பாலும் நகரங்களிலும் தொழிற்பேட்டைகளிலும் நிற்கின்றன. சென்னையிலும் பகலில் கடற்காற்று மேற்கே வீசுகிறது. திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்ட வயல்களுக்கு நடுவே, வேளாண் பண்ணைகளில் ஓசோன் கருவி வைத்து, பயிர்க் காலம் முழுவதும் பிற்பகல் அளவை விவசாயிக்குத் தெரிவிக்க வேண்டும்.