மடிக்கணினிக்குப் பாடை கட்டாதீங்க!

திரையில் விரிசல், திறப்பதற்குப் பத்து நிமிடம். இப்படி ஒரு மடிக்கணினியைக் கடைக்குத் தூக்கிப் போனால், "புதுசா ஒண்ணு வாங்கிடுங்க தம்பி" என்பார் கடைக்காரர். விற்கிறவர் வேறென்ன சொல்வார்?

உண்மையில் இவை இரண்டு தனித்தனி வியாதிகள். பழைய மடிக்கணினியின் மந்தத்துக்குப் பெரும்பாலும் காரணம் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான். அதைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டு, ரேமையும் கொஞ்சம் கூட்டினால் பெட்டி எழுந்து உட்கார்ந்துவிடும். புதுசின் விலையில் சிறு பங்குதான் செலவு. திரைக்கோ அவசரமே இல்லை. வீட்டு டிவியில் ஹெச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகினால் போதும். கல்லூரிக்குத் தூக்கிப் போகிறவர்கள் மட்டும் பேனலை மாற்றட்டும்.

2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கான ஆதரவு நின்றது. விண்டோஸ் 11 ஏறாத பெட்டிக்கு லினக்ஸ் மின்ட் இலவசமாகவே இருக்கிறது. 'அப்போ டேலி?' என்று பி.காம். மாணவர்கள் கேட்பது நியாயம்தான், அது விண்டோஸைத்தான் கேட்கும் :-(

வருமான வரிக் கணக்கில் கணினிக்கு வருடத்துக்கு 40 சதவீதம் தேய்மானம். அது ஏட்டுக் கணக்கு. அதைப் பார்த்து அப்பாவிடம் புதுசுக்குப் பணம் கேட்பது அநியாயம். எதைக் கழற்றுவதாக இருந்தாலும் முதலில் ப்ராஜெக்ட் ஃபைல்களை பென் டிரைவில் ஏற்றிவிடுங்கள்.