எல்லாச் சீட்டையும் பார்த்த வாத்தியார்

கம்ப்யூட்டரில் ப்ரிட்ஜ் ஆடிப் பழகுபவர்களுக்கு 'டபுள் டம்மி' வசதி தெரிந்திருக்கும். க்ளிக் செய்தால் போதும், எந்தச் சீட்டைப் போட்டால் எத்தனை ட்ரிக் கிடைக்கும் என்று உடனே காட்டிவிடும். அது காட்டியபடி ஆடவில்லையென்றால் தப்பாக ஆடிவிட்டோம் என்று பலர் நினைக்கிறார்கள். இது சரியல்ல என்பது என் கருத்து.

காரணம் எளிது. டிக்ளேரர் பார்ப்பது தன் 13 சீட்டும், மேஜையில் விரித்த டம்மியின் 13 சீட்டும்தான். அந்த சாஃப்ட்வேரோ 52 சீட்டையும் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறது.

ஓர் உதாரணம் பாருங்கள். ஹார்ட்ஸில் டம்மியிடம் ஏஸ், ஜாக், 10. உங்களிடம் ராஜா, 9, 8. ராணி எதிரிகளில் யாரிடம்? எந்தப் பக்கமிருந்தும் அதைப் பிடிக்கலாம். ஆனால் ஊகம் தவறினால் ஒரு ட்ரிக் போய்விடும். அனுபவசாலி ஊகிக்க மாட்டார். முதலில் எதிரிகளின் துருப்புகளை இறக்கிவிடுவார். மற்ற ஜாதிகளைத் தன் கையிலும் டம்மியிலும் காலி செய்வார். எப்படியும் இழக்க வேண்டிய ட்ரிக்கை அப்போது எதிரிக்குக் கொடுப்பார். இனி எதிரி ஹார்ட்ஸ் இறக்கினால் ராணி மாட்டிக்கொள்ளும். வேறு ஜாதி இறக்கினால் ஒரு கையில் துருப்பு வெட்டி, மறு கையில் ஒரு ஹார்ட்ஸைக் கழித்துவிடலாம். ஊகத்துக்கே வேலையில்லை! இதற்கு 'எலிமினேஷன்' என்று பெயர். டபுள் டம்மிக்கோ இரண்டு வழியும் ஒன்றுதான். ராணி எங்கே என்று அதற்கு முன்பே தெரியுமே!

மேட் கின்ஸ்பெர்க் உருவாக்கிய ஜிஐபி புரோகிராமிலும் இந்தக் குறை இருந்தது. மறைந்த சீட்டுகளைப் பலவிதமாகக் கலைத்துப் போட்டு, ஒவ்வொன்றையும் திறந்த சீட்டாகக் கணக்கிட்டு, சராசரியில் சிறந்ததை அது ஆடும். 1998-ல் பிரான்ஸின் லீல் நகரில் 34 முன்னணி வீரர்களோடு டிக்ளேரர் ஆட்டப் போட்டியில் மோதி 12-வது இடம் பிடித்தது. ஆனாலும் 'ராணியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடும். கின்ஸ்பெர்கே இதை எழுதி, மாற்று வழியும் தேடினார்.

2022-ல் பாரிஸில் நூக் என்ற புரோகிராம் 8 உலக சாம்பியன்களோடு மோதி, 80 செட்களில் 67-ஐ வென்றது. அதிலும் ஏலம் கிடையாது. டிக்ளேரர் ஆட்டம் மட்டுமே. ஆகவே, கம்ப்யூட்டருக்கு ஆடத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. டபுள் டம்மி தரும் எண், ஆட்டத்தின் விடைதானே தவிர, ஆடும் முறை அல்ல.

எனவே, பட்டனை அழுத்துமுன் உங்கள் திட்டத்தை ஒரு தாளில் எழுதுங்கள். ஆடி முடித்ததும் ராணியை மற்ற எதிரியிடம் மாற்றி வைத்து, அதே திட்டப்படி மறுபடி ஆடுங்கள். இரண்டு முறையும் ஜெயித்தால் அதுவே நல்ல ஆட்டம். ஒரு முறை மட்டும் ஜெயித்தால், அது அதிர்ஷ்டம்தான்.