மார்பகக் குறைப்பு: சிரிப்பதற்கு என்ன இருக்கிறது?

2009 ஆம் ஆண்டில் ஓர் இரவு, நான் பணிபுரிந்த பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்துக்கு ஒரு வெளிநாட்டுச் செய்தி வந்து சேர்ந்தது. ருமேனியாவைச் சேர்ந்த 17 வயது டென்னிஸ் வீராங்கனை சிமோனா ஹாலெப், சத்திரசிகிச்சை மூலம் தமது மார்பகங்களைச் சிறிதாக்கிக்கொள்கிறார் என்பதே செய்தி. அதற்கு எங்கள் மேசையில் இடப்பட்ட தலைப்பை இங்கு எழுதக் கூசுகிறது. அதைப் பார்த்துச் சிரித்தவர்களுள் நானும் ஒருவன்.

ஹாலெப் 2018 இல் பிரெஞ்சு பகிரங்கப் போட்டியிலும் 2019 இல் விம்பிள்டனிலும் வாகை சூடினார். நாங்கள் ஏன் சிரித்தோம் என்று எவரும் எங்களிடம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

சினிமாப் பக்கத்தில் பெண்ணின் மார்பை முழு வண்ணத்தில் அச்சிடத் தயங்காத நாம், மருத்துவப் பக்கத்தில் அந்தச் சொல்லை எழுத வெட்கப்படுகிறோம். இந்த வெட்கம்தான் மார்பகக் குறைப்பைச் சுருக்கம் நீக்குவதோடும் மூக்கைத் திருத்துவதோடும் சேர்த்து ‘அழகுச் சிகிச்சை’ என்ற பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டது.

அந்தப் பெட்டிக்குள் இருப்பது என்ன? ஓயாத கழுத்துவலி, தோள்வலி, முதுகுவலி. மார்புக்கச்சையின் பட்டி அழுத்தி அழுத்தித் தோளில் பதிந்த பள்ளம். மார்பின் அடிமடிப்பில் வியர்வை தங்கி, ஆறி ஆறி மீண்டும் வரும் தோற்புண். இவற்றோடு பேருந்தில் நின்று வேலைக்குப் போகும் பெண்ணைப் பார்த்துத்தான் ‘கொடுத்து வைத்தவள்’ என்கிறோம். அவள் வாய்திறந்து சொன்னால், ‘உடம்பைக் குறை, எல்லாம் சரியாகிவிடும்’ என்று உபதேசம் செய்கிறோம். மார்பகம் வெறும் கொழுப்பன்று. அதிலுள்ள சுரப்பித் திசு பட்டினி கிடந்தால் கரைவதில்லை. ஓடவும் குனியவும் விடாத பாரத்தைச் சுமப்பவளிடம் ஓடி மெலியச் சொல்வது என்ன நியாயம்?

செல்வந்த நாடுகளும் இதில் நம்மைவிட அதிகம் மேலானவையல்ல. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை 2018 இல் வெளியிட்ட வழிகாட்டல், உடற்திணிவுச் சுட்டெண் 27 இற்குக் குறைவாகப் பன்னிரண்டு மாதமாவது நிலைத்திருக்க வேண்டும் என்றும், ஒரு மார்பகத்திலிருந்து குறைந்தது 500 கிராமோ, மார்புக்கச்சை அளவில் நான்கு படிகளோ குறைக்கப்பட வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தது. பருமனான உடலில் காயம் ஆறுவது கடினம் என்பது உண்மை. அந்த எச்சரிக்கையை மறுக்கவில்லை. ஆனால் வலியைத் தராசிலிட்டு, 450 கிராம் வலி வலியன்று என்று சொல்வதை எப்படி ஏற்பது?

மறுபுறத்தில் தனியார் விளம்பரங்கள் நிற்கின்றன. சில நாளில் புதுப் பிறவி என்கின்றன. அதுவும் பொய். இது முழு மயக்கத்தில் சில மணிநேரம் நடைபெறும் பெரிய சத்திரசிகிச்சை. பெரும்பாலும் முலைக்காம்பு இரத்த ஓட்டத்தோடு இணைந்தவாறே மேலே நகர்த்தப்படுகிறது. மிகுதித் தோலும் திசுவும் அகற்றப்படுகின்றன. முலைக்காம்பைச் சுற்றியும், அதிலிருந்து கீழ்நோக்கியும், மார்பின் அடிமடிப்பிலுமாக நங்கூர வடிவில் தழும்பு எஞ்சும். அது மங்க ஓராண்டுக்கு மேலும் செல்லலாம், முற்றாக மறையாது. நம்மைப் போன்ற கருமையான தோலில் தழும்பு தடித்துப் புடைக்கும் வாய்ப்பும் அதிகம்.

முதல் வாரங்களில் வலியும் வீக்கமும் இருக்கும். இரவும் பகலும் இறுக்கமான ஆதாரக் கச்சை அணிய நேரும். பாரம் தூக்கப் பல வாரம் காத்திருக்க வேண்டும். தையல்கள் சந்திக்கும் இடத்தில் காயம் தாமதமாக ஆறலாம். புகைபிடிப்போருக்கு ஆபத்து கூடுதல். முலைக்காம்பின் உணர்ச்சி குறையலாம், சிலருக்கு இல்லாமலே போகலாம். பின்னர் பாலூட்ட முடியாமற் போகலாம். இரு பக்கமும் அச்சொட்டாக ஒத்திருக்கும் என்ற உத்தரவாதமில்லை. பிள்ளைப்பேறும் உடற்பருமனும் வடிவத்தை மீண்டும் மாற்றக்கூடும்.

இவ்வளவையும் அறிந்து செய்துகொண்ட பெண்களிற் பெரும்பாலோர் பாரம் இறங்கியதென நிம்மதியே கொள்கின்றனர். முழு உண்மையைச் சொன்னால் பெண்கள் பயந்துவிடுவார்கள் என்பது ஆண்களாகிய நம்முடைய கற்பனை.

‘கணவர் என்ன சொல்வார்?’, ‘கலியாணம் முடியட்டும்’ என்ற குரல்கள் எழும்போது ஒன்றை மட்டும் கேட்கிறேன்: தோள் யாருடையது? பாலூட்டல் பற்றிய கேள்வி நியாயமானது; அதை எடைபோட வேண்டியவள் அவள், வைத்தியருடன் அமர்ந்து.

அன்றைய தலைப்பை இனித் திருத்த முடியாது. ஆயினும், இளம் உதவி ஆசிரியர் எவரேனும் இதை வாசித்தால், அப்படியொரு செய்தி மேசைக்கு வரும்போது ‘முதுகுவலி’ என்ற சொல்லில் தொடங்கட்டும்.