நைட்ரைடிங் பண்ணிட்டீங்களா? வெட்டிப் பார்த்தீங்களா?

மெக்கானிக்கல், புரொடக்‌ஷன், மெட்டலர்ஜி, எந்த டிபார்ட்மென்ட்டை எடுத்தாலும் ஃபைனல் இயர் புராஜெக்ட் லிஸ்ட்டில் ரெண்டு மூணு நைட்ரைடிங் தலைப்பு இருக்கும். ஏன்னு புரியாமல் இல்லை. ஸ்டீல் ராடு தாம்பரத்திலேயே கிடைக்கும். பட்டறையில் வெட்டி, கிண்டி, அம்பத்தூர் பக்கம் ஹீட் ட்ரீட்மென்ட் ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்தால், வேற பார்ட்டியோட லோடுடன் சேர்த்துப் போட்டுக் கொடுத்துடுவாங்க. திரும்பி வந்ததும் ராக்வெல் மெஷினில் மூணு இடத்துல குத்தி, சராசரி எடுத்து, ‘கடினத்தன்மை 50 சதவீதம் உயர்ந்தது’ன்னு கன்க்ளூஷன் எழுதிடலாம். நடுவில் ஒரு மைக்ரோஸ்ட்ரக்சர் போட்டோ. அதுக்குக் கீழே ‘ஃபைன் கிரெய்ன்’னு ஒரு வரி.

அந்த ஒத்தை நம்பரை ரிசல்ட்டுன்னு ஏத்துக்கவே கூடாது என்பதுதான் என் கட்சி.

முதல்ல அந்த 50 சதவீதம். 40 எச்.ஆர்.சி. இருந்தது 60 ஆச்சுன்னா, ராக்வெல் கணக்குல 50 சதவீதம்தான். அதே ரெண்டையும் விக்கர்ஸில் மாத்திப் பாருங்க. கிட்டத்தட்ட 390, 700. இப்போ அது 80 சதவீதம் ஆயிடுச்சு. ஸ்டீல் அதேதான், ஸ்கேல்தான் வேற. ராக்வெல் எண்ணை வெச்சு சதவீதம் போடுவதே அர்த்தமில்லாத வேலை. ஆனா ரிவ்யூவில் யாரும் கேட்கிறதில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் ஆழத்தில் இருக்கு. ராக்வெல் சி ஸ்கேலில் ஒரு பாயின்ட்னா 2 மைக்ரான். மெஷின் 60 காட்டினால் வைரக் கூம்பு 80 மைக்ரான் இறங்கியிருக்குன்னு அர்த்தம். அடியில் இருக்கிறது அளவைக் கெடுக்காமல் இருக்கணும்னா, சோதிக்கிற அடுக்கு அந்த ஆழத்தைப் போல 10 மடங்காவது தடிமன் இருக்கணும். அதாவது 800 மைக்ரான். நைட்ரைடிங்கில் நமக்குக் கிடைக்கிற கேஸ் பெரும்பாலும் 200, 300, ரொம்ப நேரம் வெச்சா 500 மைக்ரான். அப்போ 150 கிலோ லோடு போட்டு நாம அளந்தது கேஸையா, கோரையா? ரெண்டும் கலந்த ஏதோ ஒண்ணை. மேலே இருக்கிற 10 மைக்ரான் ஒயிட் லேயரை அந்தக் கூம்பு கவனிச்சிருக்கவே கவனிச்சிருக்காது.

கேஸும் கோரும் ஏன் இவ்வளவு வேறுபடுதுன்னு ஒரு தடவை யோசிச்சா விஷயம் சுவாரசியமாகும். கேஸ் நைட்ரைடிங்கில் அம்மோனியா 500 முதல் 550 டிகிரியில் ஸ்டீல் பரப்பில் உடைஞ்சு, நைட்ரஜன் அணு உள்ளே நுழையுது. குவென்ச்சிங் கிடையாது, ஆஸ்டினைட்டாக மாறுவதும் கிடையாது. அதனாலதான் பார்ட் அதிகம் வளையாமல் வருது. உள்ளே போன நைட்ரஜன் குரோமியம், அலுமினியம், மாலிப்டினம், வனேடியம் மாதிரி ஆட்களைச் சந்திச்சால், சில நானோமீட்டர் அளவுள்ள நைட்ரைடுகளாகப் படியும். அவை படிகக் கட்டமைப்பை நெருக்கி, டிஸ்லொகேஷனை நகரவிடாமல் மறிக்கும். கடினம் வர்றது பெரும்பாலும் இதனாலதான். ஜெர்மனியில் குருப் கம்பெனியிலிருந்த அடால்ஃப் ஃப்ரை 1920-களில் இதைப் புரிஞ்சுகிட்டுத்தான் அலுமினியம் சேர்த்த தனி நைட்ரைடிங் ஸ்டீல்களை உருவாக்கினார். நம்ம பாஷையில் இ.என். 41பி அந்தக் குடும்பம். அது 900, 1000 விக்கர்ஸ் போகும். இ.என். 19 ஏறக்குறைய 600, 700-ல் நிக்கும். சாதா எம்.எஸ். ராடைக் கொடுத்தால், மேலே ஒரு ஒயிட் லேயரும் உள்ளே ஊசி ஊசியாகக் கொஞ்சம் அயர்ன் நைட்ரைடும்தான் மிச்சம்.

ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் ஷாப்பில் காதில் விழுந்தது:

“தம்பி, கேஸ் டெப்த் எவ்வளவு வேணும்?”

“நல்லா ஹார்டா வரணும்ணா.”

“அது சரி. ஹார்டனிங், டெம்பரிங் பண்ணி எடுத்துட்டு வந்தீங்களா, அப்படியே ராடுல இருந்து வெட்டினதா?”

பசங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. அந்த அண்ணன் கேட்டது முழு புராஜெக்ட்டையும் தீர்மானிக்கிற கேள்வி. முடிச்சூர் பக்கம் மழைக்கு அப்புறம் ரோடு உள்வாங்குறதைப் பார்த்திருப்பீங்க. மேலே தார் கெட்டியாத்தான் இருக்கும், கீழே மண் இருக்காது, ஒரு லாரி ஏறினால் போச்சு. கோர் மெதுவாக இருக்கிற ஸ்டீலில் 0.2 மில்லிமீட்டர் கேஸும் அப்படித்தான். பரப்பில் 1000 விக்கர்ஸ் இருந்தாலும் பாரம் ஏறினால் அடியில் அமுங்கி மேலே விரிசல் விடும்.

ஆனா ஒத்தை நம்பர் நம்மை முழுசா ஏமாத்துறது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில்தான். 304, 316 ரெண்டும் புராஜெக்ட்டில் ரொம்பப் பிரபலம். 316-ஐ 550 டிகிரியில் நைட்ரைடிங் பண்ணுங்க, பரப்பு 1000 விக்கர்ஸைத் தாண்டும். 400 டிகிரியை ஒட்டி பிளாஸ்மாவில் பண்ணுங்க, அதுவும் 1000-ஐத் தாண்டும். நம்பர் ஒண்ணு, பொருள் வேற. 550-ல் நைட்ரஜன் குரோமியத்தைப் பிடிச்சு குரோமியம் நைட்ரைடாக்கிடும், சுத்தியிருக்கிற ஸ்டீலில் குரோமியம் வறண்டுபோகும். ஸ்டெயின்லெஸை ஸ்டெயின்லெஸ் ஆக்கினதே அந்தக் குரோமியம்தான், அதனால துரு பிடிக்கும். (குரோம்பேட்டைக்குப் பேர் கொடுத்ததும் இதே குரோமியம்தான், ஆனா அது தோல் பதனிட்ட குரோம் லெதர் கம்பெனி வழியா வந்தது.) 400-ஐ ஒட்டி குரோமியம் நகர முடியாது, நைட்ரஜன் மட்டும் உள்ளே புகுந்து ஆஸ்டினைட்டை விரிக்கும். இதைத்தான் எஸ் ஃபேஸ் என்கிறார்கள், 1980-களின் நடுவில் அடையாளம் கண்டது. துருவைத் தாங்கும் தன்மை பெரும்பாலும் போகாது. எட்சிங் பண்ணி மைக்ரோஸ்கோப்பில் வெச்சால் ஒண்ணு கறுப்பு அடுக்கு, இன்னொண்ணு பளிச்சுன்னு இருக்கும். வெட்டாமல் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

இது வெறும் பேப்பர் விவகாரமும் இல்லை. நமக்குத் தெற்கே கல்பாக்கம் வேக ஈனுலையில் 316 எல்.என். ஸ்டீல்தான் முக்கியமான கட்டமைப்புப் பொருள். அந்த ‘என்’னே நைட்ரஜன்தான், உருக்கும்போதே 0.1 சதவீதத்துக்கும் குறைவாகச் சேர்க்கிறது. சூடான திரவ சோடியத்துக்குள் ஸ்டெயின்லெஸ் மேல் ஸ்டெயின்லெஸ் உரசினால் ஒட்டிக் கிழியும் அபாயம் உண்டு, அதனால பரப்பைக் கடினமாக்கணும். அங்கே ‘ஹார்டா வந்துச்சு சார்’ என்ற பதில் செல்லுபடியாகாது. எந்த ஃபேஸ், எத்தனை மைக்ரான், சூட்டில் எவ்வளவு நாள் தாங்கும்னு கேட்பாங்க. ஒரகடம், மறைமலை நகர் பக்கம் வேலைக்குப் போனாலும் இதே கேள்விதான்.

‘எங்க லேபில் மைக்ரோ விக்கர்ஸ் இல்லையே’ன்னு சொல்வீங்க. நியாயம்தான். நிறைய காலேஜில் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் லேபுக்கான ராக்வெல், பிரினெல் மட்டும்தான் இருக்கு. ஆனா அதே டீம் டகுச்சி எல்9 போட்டு, மூணு டெம்பரேச்சர், மூணு டைம்னு ஒன்பது சாம்பிளுக்குக் காசு கட்டி, கோரையும் கேஸையும் கலந்து அளந்த நம்பரை அனோவாவில் போட்டு, எது முக்கியமான ஃபேக்டர்னு கண்டுபிடிக்குது. ஒன்பதை ரெண்டாக்குங்க. மிச்சக் காசில் வெளி லேபில் ரெண்டு புரொஃபைல் எடுக்கலாம். ஜி.எஸ்.டி. ரோட்டில் வரிசையா இத்தனை காலேஜ் இருக்கு, ஒரு காலேஜின் டெஸ்டரை இன்னொரு காலேஜ் பசங்க ஒரு மத்தியானம் பயன்படுத்த ஏற்பாடு பண்றது அவ்வளவு கஷ்டமா? இதைக் கேட்க வேண்டியது நாமதான்.

புரொஃபைல் எடுக்கிறது பெரிய வித்தை இல்லை. குறுக்கே வெட்டி, மவுன்ட் பண்ணி, பாலிஷ் போட்டு, 100 கிராம் லோடில் பரப்பிலிருந்து 50 மைக்ரானில் தொடங்கி 50, 50-ஆக உள்ளே போங்க. 650 விக்கர்ஸ் இருந்தால் குத்தின தடம் 17 மைக்ரான் அகலம்தான், ஓரத்தில் இருந்து போதுமான தூரம் இருக்கும். கோர் கடினத்தைவிட 50 விக்கர்ஸ் அதிகமாக இருக்கிற இடம் வரைக்கும் கேஸ் டெப்த். பாலிஷில் ஓரம் உருண்டால் ஒயிட் லேயரே காணாமல் போகும். அதனால மவுன்ட் பண்றதுக்கு முன்னாடி நிக்கல் பூச்சு போடுங்க, முடியலைன்னா மெல்லிய தகடைச் சுத்தி இறுக்குங்க. அலாய் ஸ்டீலுக்கு 2 சதவீத நைட்டால் போதும். ஸ்டெயின்லெஸ் அதுக்கு அசையாது, மார்பிள்ஸ் ரீஏஜென்ட் வேணும்.

அதுவும் முடியாதுன்னா, ஸ்டெயின்லெஸ் புராஜெக்ட் பண்றவங்க ட்ரீட் பண்ணாத துண்டு ஒண்ணு, பண்ணின துண்டு ஒண்ணு, ரெண்டையும் 3.5 சதவீத உப்புத் தண்ணியில் ஹாஸ்டல் ரூமிலேயே ஊறப்போட்டு தினமும் ஒரு போட்டோ எடுங்க. அடுத்த ரிவ்யூவுக்கு பிபிடியோட அந்தப் பாட்டிலையும் எடுத்துட்டு வாங்க.