பைன் போன்சாயும் நாமினியும்

போன்சாய் என்ற வார்த்தையை நம்மவர்கள் பெரும்பாலும் வசவாகத்தான் உபயோகிக்கிறோம். "அபார்ட்மெண்ட் பிள்ளைகள் எல்லாம் போன்சாய் மரங்கள்" என்று பட்டிமன்றத்தில் ஒருவர் சொன்னால் கைதட்டல் நிச்சயம். ஊரை விட்டு டெல்லி, மும்பை, புனே என்று வந்து சேர்ந்த நம் குடும்பங்களில் இந்தப் பேச்சு இன்னும் ஜாஸ்தி. வேரை வெட்டியாச்சு, தொட்டிக்குள் அடைச்சாச்சு, வளர விடாமல் பட்டினி போட்டாச்சு என்று ஒரு பெருமூச்சு.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. உவமை அழகாக இருக்கிறது, ஆனால் தகவல் தப்பு. ஜப்பானில் பைன் மரத்தை எப்படி வளர்க்கிறார்கள் என்று கொஞ்சம் பார்த்தால் போதும், தெரிந்துவிடும்.

முதலில் பட்டினி விஷயம். ஜப்பானியக் கறுப்புப் பைன் மரத்தில் வசந்த காலத்தில் புதுத் தளிர் மெழுகுவர்த்தி மாதிரி நிமிர்ந்து நிற்கும். அதை அப்படியே விட்டால் ஊசி இலைகள் விரல் நீளத்துக்கு வளரும், சின்ன மரத்துக்குப் பொருந்தாது. அதனால் ஜூன், ஜூலை வாக்கில் அந்தத் தளிரை அடியோடு வெட்டிவிடுகிறார்கள். மரம் அதே வருஷத்தில் இரண்டாம் முறை துளிர்க்கும். குளிர் வருவதற்குள் வளரக் கிடைக்கும் நாட்கள் குறைவு என்பதால் இந்த ஊசிகள் குட்டையாக நின்றுவிடும். ஒரு தளிர் இருந்த இடத்தில் இரண்டு மூன்று வரும், கிளை அடர்த்தியாகும்.

இரண்டாம் முறை துளிர்க்க மரத்துக்குத் தெம்பு வேண்டாமா? அதற்காகத்தான் வசந்தத்திலிருந்தே நன்றாக உரம் போட்டு வளர்க்கிறார்கள். நோஞ்சான் மரத்தில் கை வைக்க மாட்டார்கள். மண் மாற்றிய வருஷத்திலும் வெட்ட மாட்டார்கள். பட்டினி போட்ட பைன் போன்சாய் ஆவதில்லை, விறகுதான் ஆகும்.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. பைன் தன் பலத்தை எல்லாம் உச்சிக்குத்தான் அனுப்பும். கீழ்க்கிளைகள் இளைத்துக்கொண்டே போய் ஒரு நாள் காய்ந்துவிடும். அதைத் தடுக்கத் தளிரை ஒரே நாளில் வெட்டாமல் தவணையாக வெட்டுகிறார்கள். பலவீனமான கிளைகளில் முதலில், ஒரு வாரம் பத்து நாள் கழித்துப் பலமான உச்சியில். முதலில் வெட்டுப்பட்டதற்கு வளர அதிக நாள் கிடைக்கிறது. உச்சிக்குக் குறைவான நாள். இலையுதிர் காலத்தில் பழைய ஊசிகளைப் பிடுங்கும்போதும் இதே கணக்குதான். பலமான கிளையில் நிறையப் பிடுங்குவார்கள், மெலிந்த கிளையில் கூடுதலாக விட்டுவைப்பார்கள். இதைப் போய்க் கொடுமை என்கிறோம். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கே மேலும் மேலும் டியூஷன் வைக்கும் நாம் சொல்கிறோம் :-)

எல்லாப் பைனுக்கும் இதே மருந்து என்று நினைத்துவிடாதீர்கள். ஐந்து ஐந்து ஊசியாகக் கொத்து விடும் வெள்ளைப் பைன் வருஷத்துக்கு ஒரு தடவைதான் துளிர்க்கும். அதன் தளிரை அடியோடு வெட்டினால் அந்த வருஷம் போச்சு. நுனியை மட்டும் கிள்ள வேண்டும். எந்தப் பைனாக இருந்தாலும் ஒரு கிளையின் ஊசிகளை முழுக்க மொட்டையடித்தால் கிளையே போய்விடும். மண் மாற்றும்போது பழைய மண்ணில் கொஞ்சத்தை வேரோடு விட்டுவைக்கிறார்கள். அதில் இருக்கும் வெள்ளைப் பூஞ்சைக்கும் வேருக்கும் கொடுக்கல் வாங்கல் உண்டு. இத்தனையும் தெரிந்துகொள்ளும் முன்பே தண்ணீர் ஊற்றக் கற்றுக்கொள்ள மூன்று வருஷம் ஆகும் என்று ஜப்பானில் ஒரு சொலவடை இருக்கிறது.

சரி, நான் சொல்ல வந்த விஷயம் இதற்கு அப்புறம்தான்.

பி.காம் படித்த புத்திக்கு முதலில் தோன்றுவது, இது சொத்தா கடனா என்பது. ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் ஆபத்து. பண்டிகை, கல்யாணம், மாற்றல் உத்தரவு எதுவும் மரத்துக்குத் தெரியாது. தினமும் தவணை கட்ட வேண்டிய கடன், முடிவுத் தேதி கிடையாது. மரம் வளர்த்தவரைத் தாண்டியும் இருக்கும். அப்போது தவணை கட்டப்போவது யார்?

வங்கியில் நாமினி என்றால் சொத்தின் சொந்தக்காரர் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. வாரிசுகளுக்காகப் பணத்தைப் பெற்று வைத்துக்கொள்பவர், அவ்வளவுதான். கவுண்டரில் இதை எத்தனை முறை சொன்னாலும் சண்டை ஓய்வதில்லை. ஒரு பழைய பைன் மரத்தைப் பொறுத்தவரை அதை வைத்திருந்த எல்லோருமே நாமினிகள்தான். யாரும் உரிமையாளர் இல்லை.

ஹிரோஷிமாவின் யமாகி குடும்பத்து வெள்ளைப் பைனை எடுத்துக்கொள்ளுங்கள். 1625ல் இருந்து தொட்டியில் வளர்ந்த மரம். பல தலைமுறையாக அந்தக் குடும்பத்தின் கையில் இருந்தது. 1945 ஆகஸ்ட் 6 அன்று குண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில் அவர்கள் வீடு. ஜன்னல் கண்ணாடிகள் சிதறி வீட்டிலிருந்தவர்களுக்குக் காயம். மதிலுக்குப் பின்னால் இருந்த மரம் தப்பியது. 1976ல் அமெரிக்காவின் 200வது சுதந்திர ஆண்டுக்கு ஜப்பான் 53 போன்சாய்களைப் பரிசளித்தபோது மசாரு யமாகி கொடுத்தது இந்த மரத்தைத்தான். குண்டு போட்ட நாட்டுக்கு! 2001ல் அவருடைய பேரன்கள் இருவர் வாஷிங்டனுக்கு மரத்தைப் பார்க்க வந்து சொன்ன பிறகுதான், மரம் ஹிரோஷிமாவைக் கடந்து வந்தது என்பதே அங்கே பராமரிப்பவர்களுக்குத் தெரிந்தது. இன்றும் வாஷிங்டன் தேசியத் தாவரப் பூங்காவில் யார் யாரோ தண்ணீர் ஊற்றுகிறார்கள். மரம் 400 வயதைத் தொட்டுவிட்டது.

ஒமியாவும் எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும். 1923 நிலநடுக்கத்தில் டோக்கியோ நொறுங்கிய பிறகு போன்சாய்க்காரர்கள் சிலர் நல்ல மண்ணும் தண்ணீரும் தேடி மரங்களோடு புலம்பெயர்ந்து, 1925ல் உண்டாக்கிய கிராமம் அது. அங்கே குடியேற நிபந்தனைகள் வைத்தார்கள். குறைந்தது 10 போன்சாய் வைத்திருக்க வேண்டும், தோட்டத்தை யாரும் வந்து பார்க்கத் திறந்துவைக்க வேண்டும், மாடி கட்டக் கூடாது, மதிலுக்குப் பதில் செடிவேலி. எந்த ஊர், யார் மகன் என்று கேட்கவில்லை. வேலை செய்வாயா என்று கேட்டார்கள்.

நம் ஆட்கள் இங்கேதான் சறுக்குகிறோம் என்பது என் அபிப்பிராயம். ஊரில் பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீடு, அப்பாவின் புத்தக அலமாரி, பாட்டியின் வீணை. எல்லாவற்றுக்கும் சட்டப்படி வாரிசு இருக்கிறார். நியூஜெர்ஸியிலோ நொய்டாவிலோ இருப்பார். தூசி தட்ட ஆள் இல்லை. பக்கத்துத் தெருவில் வீணை கற்கும் பெண்ணுக்கு அதைக் கொடுக்கலாம் என்றால், "குடும்பச் சொத்தை வெளியே கொடுக்கிறதா?" என்று குதிக்கிறோம். கரையான் குடும்பத்தைச் சேர்ந்ததா என்ன?

"கொடுத்துவிட்டால் பிள்ளைகளுக்கு வேர் எப்படித் தெரியும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பிள்ளைகளில் ஒருவர் ஆசையாக எடுத்துச் செய்தால் அதைவிடச் சந்தோஷம் இல்லை, முதல் உரிமை அவர்களுக்கே. ஆனால் விருப்பமில்லாதவர் தலையில் கட்டுவதும், விருப்பமுள்ளவருக்குத் தர மறுப்பதும் பொருளையும் அழிக்கும், உறவையும் கெடுக்கும். யமாகியின் பேரன்கள் தாத்தாவின் மரத்தைத் தேடிக்கொண்டு கடல் கடந்து போனார்கள். மரம் உயிரோடு இருந்ததால் போக முடிந்தது.

கடைசியாக, இதைப் படித்துவிட்டு பைன் வாங்கக் கிளம்புகிறவர்களுக்கு. பைன் வரவேற்பறைச் சாமான் இல்லை, வெயிலில் வெளியே இருக்க வேண்டும். வெள்ளைப் பைனுக்கு நிஜமான குளிர்காலம் வேண்டும், சென்னை மும்பைப் புழுக்கத்துக்கு ஆகாது. அங்கே இருப்பவர்கள் ஆல், அத்தி வகைகளில் ஆரம்பியுங்கள். இமயமலை அடிவாரத்துச் சீர் பைன் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதே என்றால், அதன் ஊசி ஒரு சாண் நீளம், குட்டையாக்குவது பெரும்பாடு. இன்னொன்று, பைன் செத்த பிறகும் பல வாரம் பச்சையாகவே நிற்கும். கடையில் பச்சையைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

மூன்று வருஷத்துக்கு ஒரு மாற்றல் வரும் என்னைப் போன்றவர்கள் விலையைக் கேட்கும் முன் ஒரு பெயரை யோசித்துவையுங்கள். நீங்கள் இல்லாத நாளில் தண்ணீர் ஊற்றப்போகிறவரின் பெயர். அவர் சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.