கட்டணம் குறைத்தால் மட்டும் போதாது

கண்டியில் 1890இல் தொடங்கிய ஹில்வூட் மகளிர் கல்லூரி போன்ற தனியார் பாடசாலைகள் ஹந்தானை, கலஹாத் தோட்டங்களிலிருந்து ஒரு பஸ் பயணத் தூரத்தில்தான் இருக்கின்றன. ஆனால் அங்கே நம் பிள்ளையும் படிக்கலாம் என்று பெரட்டுக்களத்தில் யாரும் பேசுவதில்லை. கட்டணச் சலுகையோ புலமைப்பரிசிலோ தரும் எந்தப் பாடசாலையும் அறிவித்தலைத் தமிழில் எழுதி, தோட்டப் பாடசாலைகளுக்கும் அனுப்ப வேண்டும் என்று கேட்கிறோம்.

இது தயவு கேட்பதல்ல. 1945இல் வந்த இலவசக் கல்வி தோட்டப் பாடசாலைகளை விட்டுவிட்டுப் போனது. அரசாங்கம் அவற்றைப் பெருமளவில் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இல்தான். அதற்குள் ஒரு தலைமுறை கொழுந்துக் கூடையோடு மலையேறிவிட்டது.

வருமானத்தைக் கணக்கிடும்போது நாட்சம்பளத்தை முப்பதால் பெருக்கிவிடக் கூடாது. 2024இல் வர்த்தமானியில் வந்த 1350 ரூபாய்க் கணக்கில் இருபது பேர் விழுந்தால் 27,000 ரூபாய். சேமலாப நிதிக்கு 8 வீதம், 2,160 ரூபாய் கழியும். பிறகு முற்பணம், கடன். விடுதிக் காசு, சப்பாத்து, பஸ் காசு எல்லாம் மிச்சத்தில்தான். பாடசாலைக் கட்டணத்தை மட்டும் குறைத்தால் பிள்ளை இரண்டாம் தவணையிலேயே லயத்துக்குத் திரும்பிவிடும். காசு முட்டினால் முதலில் நிற்பது பெண்பிள்ளையின் படிப்பு. அண்ணன் தம்பிமாரின் படிப்பு அல்ல. இதைத் துரைமார் செய்யவில்லை, நம் வீடுகளில்தான் நடக்கிறது.

சம்பளச் சீட்டை எறிந்துவிடாதீர்கள். வேலை செய்த நாளும் பிடித்த காசும் அதில் இருக்கின்றன. மூன்று மாதச் சீட்டு, கிராம சேவகரின் வருமானச் சான்று, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றோடு தோட்டத் தலைவரிடம் வாருங்கள். விண்ணப்பத்தை நாங்கள் நிரப்பித் தருகிறோம்.